கட்டன்சாயாவும் லாங்டனின் எறும்பும்

கொழிஞ்சாம்பாறையில் நான் போகும் டீக்கடையில் வாயைத் திறப்பதற்குள் கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, வந்துவிடும். பாலக்காடு மாவட்டம்தான், பலகையில் மலையாளம், பேச்சில் கொங்குத் தமிழ். போன வாரம் கடைக்காரர் "உங்களுக்குக் கட்டன் தானுங்களே?" என்றதும் ஏதோ வீம்பு வந்து, "இல்லீங்க, பால் டீ" என்றேன். அந்த வீம்பு என்னுடையதா, இல்லை அதுவும் முன்பே தீர்மானமானதா?

இயற்கையின் எல்லா விசைகளையும் எல்லாப் பொருள்களின் நிலையையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் கண்முன்னே இருக்கும் என்று 1814-இல் எழுதினார் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ். தலையெழுத்தை இயற்பியலில் எழுதியது போலத்தான். அணு அளவில் சில நிகழ்வுகள் காரணமின்றித் தற்செயலாக நடக்கின்றன என்ற குவாண்டம் கருத்தை இதற்கு மருந்தாகச் சொல்பவர்கள் உண்டு. தாயக்கட்டை விழுந்தபடி நான் டீ குடித்தால் அது என் விருப்பமாகிவிடுமா என்ன?

கணினி விஞ்ஞானி கிறிஸ்டோபர் லாங்டன் 1986-இல் விவரித்த கற்பனை எறும்பு இதைவிட சுவாரசியம். கட்டம் போட்ட தாளில் அது நடக்கிறது. வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வலப்பக்கம் திரும்பும். கறுப்பில் நின்றால் இடப்பக்கம். நின்ற கட்டத்தின் நிறத்தை மாற்றிவிட்டு ஓரடி முன்னே போகும். விதி அவ்வளவுதான். வெறும் தாளில் விட்டால் நாலே அடியில் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டம் இப்போது கறுப்பு. இந்தத் தடவை இடப்பக்கம்! தான் போட்ட தடமே அதன் அடுத்த அடியை மாற்றுகிறது.

முதல் சில நூறு அடிகளுக்கு அழகான கோலம். அப்புறம் ஒரே கிறுக்கல். சுமார் 10,000 அடி ஆனதும் திடீரென 104 அடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கில், சாய்வாக ஒரு சாலை போடத் தொடங்கி, போய்க்கொண்டே இருக்கிறது. விதியில் சாலை என்ற பேச்சே இல்லை. அங்கங்கே சில கறுப்புக் கட்டங்களைத் தெளித்துவிட்டுத் தொடங்கினாலும், சோதித்த வரைக்கும் கடைசியில் சாலைதான். எப்போதும் அப்படித்தான் என்பதை இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. முழுக்கத் தீர்மானமான உலகம்தான், ஆனாலும் என்ன நடக்கும் என்று அறிய நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எறும்புக்குச் சுதந்திரம் உண்டா? கிடையாது. கணிக்க முடியாததையெல்லாம் சுதந்திரம் என்றால் மழைக்கும் அதைக் கொடுக்க வேண்டும். எறும்பு போட்ட தடத்தின் மேல் நடக்கிறது. போடப்போகும் தடத்தை அது பார்ப்பதில்லை. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் கொண்ட நம் மூளை அதைப் பார்க்கிறது. பால் டீ குடித்தால் வயிறு என்ன சொல்லும் என்று உள்ளுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறது. அந்த ஒத்திகையின் முடிவும் காரணங்களில் ஒன்றாகச் சேர்கிறது. கடைக்காரர் பேசாமல் ஆற்றித் தந்திருந்தால் கட்டனைத்தான் குடித்திருப்பேன். அவர் கணிப்பு என் காதில் விழுந்ததும் அதுவும் கணக்கில் சேர்ந்து விடையையே மாற்றிவிட்டது.

எரியும் என்று சொன்னால் அணைந்து, அணையும் என்று சொன்னால் எரியும் ஒரு விளக்கை எந்த எலக்ட்ரீஷியனும் செய்து தருவார் என்பது உண்மைதான். ஆனால் ஏன் எரிந்தாய் என்று அதைக் கேட்க முடியாது. பால் டீக்கு வயிறு கோபித்துக்கொண்டால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. சுதந்திரம் என்ற சொல்லுக்கு அர்த்தம் இருந்தால் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அணுக்களின் விதியில் அது இல்லை. எறும்பின் விதியில் சாலை இல்லாதது போல.

இப்போதெல்லாம் கடைக்காரர் யூகிப்பதை விட்டுவிட்டார். "இன்னைக்கு என்னங்க?" என்று கேட்கிறார். கட்டன் என்கிறேன்.