சர்க்கரையை உடைக்கும் மரபணு புற்றுநோய் மரபணுவை அடக்குவது எப்படி?

ஈனோலேஸ் என்ற நொதியை உயிர்வேதியியல் மாணவர்கள் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். செல்லுக்குள் குளுக்கோஸ் உடைந்து ஆற்றல் தரும் பத்துப் படிகளில் ஒன்பதாவது அதன் பொறுப்பு. 1934-இல் லோமானும் மேயர்ஹாஃபும் கண்டறிந்த இந்த நொதியின் முக்கிய மனித வடிவத்துக்கு உரிய மரபணு ஈனோ1. எல்லாச் செல்களிலும் அன்றாட வேலைக்காக இயங்கும் ‘வீட்டுப் பராமரிப்பு மரபணு’ என்றே பல காலம் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சுவாரசியம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. சி-மிக் என்பது செல்களைப் பெருகத் தூண்டும் மரபணு. அது கட்டுமீறிச் செயல்படாத புற்றுநோய்கள் குறைவு. அதை அடக்கும் புரதம் எது என்று தேடிய ஆய்வாளர்கள் ரத்னா ரேயும் டொனால்ட் மில்லரும் 1991-இல் எம்பிபி-1 என்ற புரதத்தை விவரித்தார்கள். அதன் அமினோ அமில வரிசை ஈனோலேஸைப் போலவே இருந்தது. இரண்டும் ஒரே ஈனோ1-இலிருந்து வருகின்றன என்பதை 2000-இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஒரு மரபணுவிலிருந்து இரண்டு புரதங்கள் எப்படி? செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம், மரபணுவின் நகலான தூது ஆர்என்ஏவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கான தொடக்கக் குறியீட்டைக் கண்டதும் புரதம் கட்டத் தொடங்கும். வழக்கமான இடத்தில் தொடங்கினால் 434 அமினோ அமிலங்கள் கொண்ட முழு ஈனோலேஸ் கிடைக்கும். சில வேளைகளில் அந்த இடத்தைத் தாண்டிப்போய், 97-ஆவது இடத்திலுள்ள மெத்தியோனினில் தொடங்குகிறது. முன்பகுதி இல்லாத 338 அமினோ அமிலப் புரதம் உருவாகிறது. அதுதான் எம்பிபி-1. நொதியாக அது எதற்கும் உதவாது. உட்கருவுக்குள் சென்று, சி-மிக் மரபணுவின் தொடக்கப் பகுதியில் டிஎன்ஏவின் குறுகிய பள்ளத்தில் ஒட்டிக்கொள்கிறது. படியெடுக்கும் புரதக் குழு அங்கே முழுமையாகக் கூட முடிவதில்லை. சி-மிக் அடங்குகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சி-மிக் புரதம் சர்க்கரையை உடைக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஈனோ1-உம் அவற்றுள் ஒன்று. ஆக ஈனோ1-இன் நீண்ட புரதம் புற்றுச் செல்லின் சர்க்கரைப் பசியைத் தீர்க்கிறது, குட்டைப் புரதமோ அந்தச் செல்லின் பெருக்கத்தைத் தடுக்கிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை! குளுக்கோஸ் குறைவாக உள்ள சூழலில் எம்பிபி-1 சி-மிக்கில் அதிகம் ஒட்டுவதாகவும், நிறைய இருக்கும்போது விலகுவதாகவும் மார்பகப் புற்றுச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். உணவு நிலவரத்தைக் கேட்டுத்தான் பெருக்கத்துக்கு அனுமதி என்றால், அது அறிவான ஏற்பாடே.

சி-மிக்கோடு நிற்கவில்லை. மார்பகப் புற்றில் சிகிச்சையையே தீர்மானிக்கும் ஹெர்2 புரதத்துக்கான மரபணுவையும் எம்பிபி-1 அடக்குகிறது. மற்ற மரபணுக்களை அமைதிப்படுத்தும் ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் என்ற நொதி இந்த வேலையில் அதற்குத் துணை.

அதனால்தான் ‘இந்தக் கட்டியில் ஈனோ1 அதிகம்’ என்ற வாக்கியத்தை நான் சந்தேகத்தோடு படிக்கிறேன். எந்தப் புரதம் அதிகம்? ஆர்என்ஏ அளவை மட்டும் எடுத்தால் பதில் கிடைக்காது. குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டும் எதிர்ப்பொருளால் சோதித்தாலும் சிக்கல் இருக்கிறது: குட்டைப் புரதம் முழுவதும் நீண்டதற்குள் அடங்கியிருக்கிறது. முன்பகுதியைத் தேடும் எதிர்ப்பொருள் ஈனோலேஸை மட்டும் காட்டும். பின்பகுதியைத் தேடுவது இரண்டையும் காட்டும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, சுமார் 48 கிலோடால்ட்டன் (புரத எடையின் அலகு) எடையுள்ள ஈனோலேஸ் பட்டையையும் 37 கிலோடால்ட்டன் எம்பிபி-1 பட்டையையும் தனித்தனியாக அளந்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும்.