தலை வலிக்காமலும் மைக்ரேன் வரும்

"தலை கிறுகிறுங்குது, நடந்தா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகுதுங்க" என்று வருகிறவர்கள் அதற்குள் பல படி ஏறி இறங்கியிருப்பார்கள். பிரஷர் குறைவு என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஒரு பட்டை, சைனஸ் என்று ஆவி, கடைசியில் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு. தலைவலி உண்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவர்களாகவும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால், "அது வயசுக்கு வந்ததுல இருந்தே இருக்குதுங்க, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்பார்கள்.

சம்பந்தம் உண்டு. ஒத்தைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் என்பது எளிதில் சீண்டப்படும் மூளையின் இயல்பு. வலி அதன் ஒரு முகம்தான். தலைசுற்றல், கண்ணில் மின்னல், கை மரத்துப் போதல், பேச்சு தடுமாறுதல், சீப்பு பட்டாலே மண்டைத்தோல் எரிதல், முந்தின நாள் ஓயாத கொட்டாவி எல்லாம் மற்ற முகங்கள். குழந்தைகளுக்குத் தலை வலிக்காமல் தொப்புளைச் சுற்றி வயிறு மட்டும் வலித்து வாந்தியும் வரலாம்.

தலைசுற்றலின் காரணத்தைப் பிரித்தறிய ஸ்கேனைவிடக் கடிகாரம் அதிகம் உதவும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் சுற்றினால் பெரும்பாலும் காதுக்குள் இடம் மாறிய கால்சியத் துகள்தான். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் பயிற்சியிலேயே சரியாகிவிடும். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பதும் குறைந்தால் மெனியர் என்ற உள்காது நோயா என்று பார்க்க வேண்டும். மைக்ரேன் தலைசுற்றல் 5 நிமிடமும் இருக்கும், 72 மணி நேரமும் இருக்கும். பாதிக்குப் பாதி தடவையாவது தலைவலியோ, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமையோ, கண்ணில் மின்னலோ சேர்ந்து வரும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் சிறு வயதில் வாந்தி எடுத்தபடியே கடந்தவரா, அம்மாவுக்கு ஒத்தைத் தலைவலி இருந்ததா என்ற இரண்டு கேள்விகளும் இங்கே பயன்படும்.

தலைசுற்றலை உடனே அடக்கும் புரோகுளோர்பெரசின், சின்னரிசின் மாத்திரைகள் சில நாட்களுக்கு மட்டுமே. பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போட்டால் உடல் தன் சமநிலையைத் தானே மீட்டுக்கொள்வது தாமதப்படும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம்.

கண்ணில் தெரியும் அந்த மின்னலுக்கு 'ஆரா' என்று பெயர். பார்வையின் நடுவருகே ஒரு சிறு மினுமினுப்பு தொடங்கி, ரம்பப் பல் போன்ற வளைகோடாக 20, 30 நிமிடத்தில் விரிந்து ஓரத்தில் மறையும். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால்தான் இந்த நிதானம். மரத்துப்போதலும் அப்படியே: விரலில் தொடங்கி, முழங்கை ஏறி, கன்னத்துக்கும் நாக்குக்கும் போகும். பக்கவாதம் பெரும்பாலும் ஒரே அடியில் வரும். கை விழும், வாய் கோணும், பாதிப் பார்வை இருளும். இந்த அறிகுறிகள் முதல் தடவை வருவது, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்குவது, ஒரு மணி நேரம் தாண்டியும் விடாதது, கை கால் பலமிழப்பது, நொடியில் உச்சத்துக்குப் போகும் இடி போன்ற தலைவலி, பிரசவம் முடிந்த வாரங்களில் வரும் புதுத் தலைவலி: இவற்றில் எதுவானாலும் வீட்டில் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

பழகிய ஆராவாக இருந்தாலும் வண்டியை ஓரம்கட்டுங்கள், ஓவர்லாக் மெஷினையும் தறியையும் நிறுத்துங்கள். பார்வையில் விழும் ஓட்டை ஊசியையும் மறைக்கும், எதிரே வரும் லாரியையும் மறைக்கும். வலி தொடங்கும்போதே மருத்துவர் எழுதிய முழு அளவு மாத்திரையைப் போட வேண்டும். பொறுத்துப் பொறுத்து, தாங்காதபோது பாதி மாத்திரை போடுவதுதான் இங்கே வழக்கம். அது கேட்காததற்குக் காரணம், மைக்ரேன் வந்தால் இரைப்பை மந்தமாகி மாத்திரை உள்ளேயே கிடப்பது. அதனால்தான் குமட்டல் மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். மைக்ரேன் வலிக்கான சுமாட்ரிப்டான் வகை மாத்திரைகள் (டிரிப்டான்) ஆராவை நிறுத்தாது, வலி தொடங்கியதும்தான் போட வேண்டும். இதய நோயாளிகளுக்கு அவை ஆகாது.

மெடிக்கலில் "தலவலி மாத்திர ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம்தான் பெரிய வில்லங்கம். பாராசிட்டமால் போன்ற தனி வலிமருந்தை மாதத்தில் 15 நாளும், கலவை மாத்திரையையோ டிரிப்டானையோ 10 நாளும் என மூன்று மாதத்துக்குமேல் எடுத்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மாதக் காலண்டரில் அறிகுறி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அந்தக் காலண்டர் தாளையே மருத்துவரிடம் கொண்டு போகலாம்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் காலை டீயோடு மதியம் வரை ஓட்டுகிறார்கள். ஆறு நாள் ஐந்து மணிக்கு எழுந்து ஞாயிறு மட்டும் பத்து மணி வரை தூங்குவார்கள், தலைவலியும் ஞாயிறன்று வரும். சாப்பாட்டு நேரத்தையும் எழும் நேரத்தையும் ஏழு நாளும் ஒன்றாக வைத்துக்கொண்டாலே சிலருக்கு எண்ணிக்கை குறையும். பொள்ளாச்சிப் பக்கம் சாயங்காலம் தென்னந்தோப்பு ஓரமாக வண்டியில் போகும்போது மரங்களுக்கிடையே வெயில் வெட்டி வெட்டி அடிப்பதும் சிலரைச் சீண்டும். குளிர்கண்ணாடியும் தொப்பியும் உதவும்.

மாதம் நான்கு நாளுக்குமேல் முடக்கினால் தடுப்பு மருந்து வேண்டும். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் தந்தால், "மனநோய் மாத்திரைன்னு மெடிக்கல்ல சொன்னாங்க" என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இந்தச் சிறிய அளவு மூளையின் சீண்டலைக் குறைக்கத்தான். மற்ற தடுப்பு மருந்துகளில் புரோபரனோலால் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கூடாது. ஃபுளுனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வும் தரலாம். எதுவானாலும் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் பிடிக்கும். இரண்டாம் வாரத்தில் நிறுத்திவிட்டு 'கேட்கவில்லை' என்றால் கணக்கில் வராது.

ஆரா வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். கருத்தடைக்கு மட்டுமின்றி, மாதவிலக்கைச் சீராக்கவும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் இதே மாத்திரையை எழுதுவதுண்டு. மகப்பேறு மருத்துவரிடம் கண்ணில் மின்னல் வருவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் இருக்கின்றன.