முன்னறிவிப்பில் 4 மீட்டர் என்றால் 8 மீட்டருக்குத் தயாராகுங்கள்

கப்பலில் புதிதாகச் சேரும் கேடட்கள் (பயிற்சி அதிகாரிகள்) அடிக்கடி கேட்பது இது: "சார், அலை 4 மீட்டர்தானே போட்டிருக்கு, முன்பக்க டெக்குக்குப் போகலாமா?"

அந்த 4 மீட்டர், வரப்போகும் மிகப் பெரிய அலையின் உயரம் இல்லை. அலைகளை உயரவாரியாக வரிசைப்படுத்தி, மேலே நிற்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் எடுத்த சராசரி. அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டுவதைத்தான் ராட்சத அலை என்கிறார்கள். கணக்குப்படி சுமார் 3000 அலைக்கு ஒன்று அப்படி எழலாம். 10 விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது இரண்டு வாட்சுக்கு (நான்கு மணி நேரக் காவல் பணி) ஒருமுறை.

இப்படிப்பட்ட அலைகளைப் பற்றி மாலுமிகள் சொன்னதை வெகுகாலம் யாரும் நம்பவில்லை. 1995 ஜனவரி 1 அன்று வட கடலில், நார்வேயின் டிராப்னர் எரிவாயு மேடையில் இருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலையைப் பதிவு செய்தது. அந்த நேரத்தில், மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்குச் சராசரி சுமார் 12 மீட்டர்தான். பிற்பாடு எடின்பரோவில் ஒரு சோதனைத் தொட்டியில் அதே அலையைச் சிறிய அளவில் உருவாக்கிப் பார்த்தார்கள். இரண்டு அலைக்கூட்டங்களைச் சுமார் 120 டிகிரி கோணத்தில் மோதவிட்டபோதுதான் அது கைகூடியது. குறுக்கே மோதும்போது உடையும் நீர் மேல்நோக்கிப் பீறிடுகிறது. வழக்கமாக உடைந்து அடங்கும் உயரத்தில் அலை நிற்பதில்லை. ஆகவே இரண்டு திசையிலிருந்து ஸ்வெல் (தொலைவில் எழுந்து வரும் நீண்ட அலைகள்) வந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது தென்னாப்பிரிக்கக் கரையைத்தான். டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் இடையே, கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) விளிம்பை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காகப் பாய்கிறது. எரிபொருள் மிச்சமாகும் என்று தெற்கே போகிற கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டே போகும். பாரோமீட்டர் இறங்கி, வடகிழக்கிலிருந்து அடித்த காற்று சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பினால் நிலைமை தலைகீழ். எதிரே வரும் அலைகளை நீரோட்டம் நெருக்க, அலைநீளம் குறைந்து உயரம் கூடுகிறது, முகம் செங்குத்தாகிறது. அதற்கு முன்னால் ஆழமான பள்ளம் ஒன்று வரும். கப்பலின் முன்பகுதி அதில் இறங்கி நிமிர்வதற்குள் அலை மேலே விழுந்துவிடும். 20 மீட்டர் வரை வரலாம் என்று அந்தப் பகுதியின் கடல் வரைபடத்திலேயே எச்சரிக்கை உண்டு. காற்று திரும்பும் அறிகுறி தெரிந்ததுமே வரைபடத்தில் 200 மீட்டர் ஆழத்தைக் காட்டும் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் ஒதுங்குங்கள். நீரோட்டம் இலவசமாகத் தரும் வேகத்தை விட மனசு வராது. பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

ராட்சத அலை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாத்தியத்தைச் சொல்லலாம். ஐரோப்பிய வானிலை மையம் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்ச அலை உயரத்தையும் கணித்துத் தருகிறது. கிடைத்தால் முதலில் அதைப் பாருங்கள். சுற்றியுள்ள அலைகளை அளந்து சில நிமிடம் முன்னதாக எச்சரிக்கும் முறைகளும் ஆய்வில் உள்ளன. நல்ல முயற்சிதான். ஆனால் 200 மீட்டர் கப்பலின் முன்முனையில், ஈர டெக்கில் நிற்பவர் உள்ளே வந்து சேர அந்த அவகாசம் போதும் என்று நான் நம்பமாட்டேன்.

முன்பக்கக் கதவுகள், நங்கூரச் சங்கிலிக் குழாயின் மூடி எல்லாவற்றையும் திறந்த கடலுக்குப் போகும் முன்பே இறுக்கிவிடுங்கள். வழியில் ஏதாவது தளர்ந்து ஆளை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், கேப்டனிடம் சொல்லி வேகத்தைக் குறைத்து, முன்பக்கம் தண்ணீர் ஏறாதபடி கப்பலைத் திருப்பிய பிறகே அனுப்புங்கள்.