குள்ள பஃபர் வாங்கும் முன் நத்தை வளர்க்கத் தொடங்குங்கள்

மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் உருண்டையாகத் தெரியும், அதற்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உள்வாங்கியிருக்கும். என்னிடம் சிகிச்சைக்கு வரும் குள்ள பஃபர் மீன்களில் பெரும்பாலானவை இந்தக் கோலத்தில்தான் வருகின்றன. "என்ன நோய் டாக்டர்?" என்று கேட்பார்கள். பல நேரம் அது வெறும் பசி. தொட்டியின் அடியில் குருணைத் தீவனம் ஊறிக் கிடக்கும், மீன் பட்டினியாக நீந்திக்கொண்டிருக்கும்.

பீ பஃபர், பட்டாணி பஃபர் என்றும் விற்கப்படும் இந்த மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆறுகளுக்கு மட்டுமே சொந்தமானது. பம்பை ஆற்றில் பிடித்த மீன்களைக் கொண்டு 1941இல் மீனியல் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். நன்கு வளர்ந்தாலும் 3 செ.மீ. அளவுதான். கடையில் கிடைப்பவற்றில் கணிசமானவை இன்றும் ஆற்றிலிருந்து பிடித்து வரப்படுபவை. சர்வதேச சிவப்புப் பட்டியலிலும் இது அழிய வாய்ப்புள்ள இனமாகவே இருக்கிறது. சின்ன மீன்தானே என்று வாங்கிப்போய்ச் சாகவிடுவது எனக்கு உறுத்தலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது வேட்டையாடும் மீன். இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி, இலையிடுக்கில் அசைவதைக் கண்டுபிடித்து, நின்று நிதானித்து, பிறகு ஒரே கவ்வு. அசையாத குருணையும் செதில் தீவனமும் இதன் கண்ணுக்கு உணவாகவே படுவதில்லை. ஒன்றிரண்டு மீன்கள் பழகிக்கொள்வதுண்டு. அதை நம்பி வாங்கக் கூடாது. உறைந்த ரத்தப்புழு, டஃப்னியா, பிரைன் ஷ்ரிம்ப் போன்ற நுண்ணிய நீர் உயிரிகள், சின்ன நத்தைகள் ஆகியவைதான் இதன் சாப்பாடு. ரத்தப்புழுவை மட்டுமே மாதக்கணக்கில் போடுவதும் சரியில்லை, மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு வயிறு லேசாகப் புடைத்திருந்தால் போதும். மிச்சத்தை அன்றே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இந்த மீன் தின்பதைவிடச் சிதறுவது அதிகம்.

நத்தைக்கு வருவோம். பஃபரின் பற்கள் அலகு மாதிரி ஒன்றாக இணைந்து வளர்பவை. நத்தையின் ஓட்டை நொறுக்கித் தின்பது அவற்றுக்கு நல்லது. அதைவிட முக்கியம், வேட்டையாட ஏதாவது கிடைக்கும் பஃபர் கண்ணாடியை ஒட்டி மேலும் கீழும் அலைந்துகொண்டிருக்காது. ராம்ஸ்ஹார்ன், பிளாடர் வகை நத்தைகள் பொருத்தமானவை. மலேசிய டிரம்பெட் நத்தையின் ஓடு மிகவும் கெட்டி, அது வேண்டாம். குளத்திலும் வாய்க்காலிலும் பொறுக்கிய நத்தைகளைப் போடாதீர்கள், அவற்றோடு ஒட்டுண்ணிகளும் வரும். தனியாக ஒரு ஜாடியில் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சில வாரங்கள் ஆகும். மீனை வாங்கிவிட்டு நத்தையைத் தேடினால் அதுவரை மீன் என்ன சாப்பிடும்?

அதே சில வாரங்கள் தொட்டிக்கும் தேவை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொருவகை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கலாம். மீன் இல்லாமலே அமோனியா சேர்த்து, டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துவர வேண்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு நாளுக்குள் பூஜ்ஜியமாகும் நிலை வந்தால் தொட்டி தயார். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. அமோனியாவுக்கு நிறமில்லை. அதோடு, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏற ஏற அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும். இந்த மீன் 7 முதல் 8 வரையிலான பி.எச்.இல் வாழ்வதால் இங்கே அசட்டையாக இருக்க முடியாது.

தனி மீன் என்றால் 20 லிட்டராவது வேண்டும், நான்கைந்து சேர்த்து வளர்க்க 60 லிட்டர். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், வேகமான நீரோட்டம் இதற்குப் பிடிக்காது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுங்கள். உப்பு போடாதீர்கள். உவர்நீரில் வாழும் பஃபர் இனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு இதற்கும் உப்பு கலக்கிறார்கள். இது முழுக்க நன்னீர் மீன்.

செடிகளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜாவா மாஸ், மரக்கட்டை, உயரமான செடிகள் என்று ஒரு மூலையிலிருந்து மறுமூலை தெரியாதபடி அடர்த்தியாக இருக்கட்டும். ஆண்கள் எல்லைச் சண்டை போடும். எதிரி கண்ணில் படாவிட்டால்தான் துரத்தல் குறையும். வளர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கருங்கோடு இருக்கும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கங்கள் தெரியும். பெண் உருண்டையாக இருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்பது நல்ல கணக்கு. கடையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள் என்பதால் அங்கே பிரித்தறிவது கடினம், வளர்ந்த பிறகு ஓர் ஆணை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டி வரலாம். கப்பி, ஃபைட்டர் போன்ற நீண்ட துடுப்பு மீன்களோடு சேர்க்கவே கூடாது, துடுப்பைக் கடித்துக் குதறிவிடும்.

பஃபர் தண்ணீரை விழுங்கிப் பந்துபோல் உப்புவதைப் பார்க்க ஆசைப்பட்டு மீனைச் சீண்டுபவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். அது உயிர்ப்பயத்தில் செய்கிற கடைசி முயற்சி. வலையில் தூக்கி நீருக்கு வெளியே எடுத்தால் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியேற்ற முடியாமல் தவிக்கும். இடம் மாற்றும்போது ஒரு குவளையை நீருக்குள்ளேயே அமிழ்த்தி, தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடல் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். ஆற்றில் பிடித்த மீன்களில் இது சகஜம், அதனால்தான் புதிதாக வாங்கியதைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்கச் சொல்கிறோம். மலம் வெள்ளையாக நூல்போல் தொங்குவதும் ஓர் அறிகுறிதான். ஆனால் பட்டினி கிடக்கும் மீனுக்கும் அப்படி வரும். உருளைப்புழுவுக்கு லெவமிசோல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் என்று மருந்து வேறுபடும். எது என்று மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். பஃபருக்குச் செதில் கிடையாது, அதனால் மருந்து அதை எளிதில் தாக்கும். தாமிரம் கலந்த மருந்துகளைக் கடைக்காரர் சொன்ன அளவில் ஊற்றி மீனை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது தொட்டித் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் தனியாகக் கொண்டுபோங்கள். புதிதாக விழுந்த மலம் கிடைத்தால் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடும்போது எடுத்த காணொளி ஒன்றும், கடந்த இரண்டு வாரங்களில் என்னென்ன மருந்து ஊற்றினீர்கள் என்ற விவரமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.