ஏழு மாதம் மதுவைத் தொடாதவரைத் தீபாவளி ஏன் பயமுறுத்துகிறது?

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்தார், பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அங்கே தினமும் டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் அறைக்குப் போகிறார், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். ஆனால் தீபாவளிக்கு ஊருக்கு அழைத்தால், "வேணாம்க்கா, அங்க வந்தா என்னால முடியாது" என்கிறார். திருப்பூரில் முடிவது சொந்த வீட்டில் ஏன் முடியாது, மனசில் உறுதி இல்லையா என்று அக்கா கேட்கிறார்.

தம்பி சொல்வது சரி. தன் மூளையைப் பற்றி அவர் மிகச் சரியாகவே கணித்திருக்கிறார்.

பாவ்லவின் நாயைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருக்கிறோம். உணவோடு மணியும் ஒலித்துப் பழகினால், பிறகு மணிக்கே எச்சில் ஊறும். 1990களில் வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்கின் மூளைக்குள் இதையே பார்த்தார். நாக்கில் பழச்சாறு விழுந்ததும் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் படபடவெனத் துடித்தன. சாறு தருவதற்குமுன் ஒரு விளக்கைப் போட்டுப் பழக்கியதும் அந்தத் துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது புதிதாக எதுவும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்துபோனது. அந்த ஏமாற்றத்தைக் குடித்துப் பழகியவர்கள் உடம்பால் அறிவார்கள். அவர்களுக்கு விளக்கு என்பது பட்டாசுப் புகை, அடுப்பில் கொதிக்கும் கறிக்குழம்பு, மாமா மகன் தோளில் கைபோட்டு "மாப்ள, மாடிக்கு வா" என்று அழைக்கும் குரல்.

சரி, மணியை அடித்து உணவு கொடுக்காமலே விட்டால்? எச்சில் ஊறுவது மெல்ல நின்றுவிடும். பழைய பாடம் அழிந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் சில நாள் கழித்து மணியை அடித்தால் எச்சில் மறுபடி ஊறுவதைப் பாவ்லவே கண்டார். பழைய பாடம் அழிவதில்லை. "இப்போது மணி அடித்தால் உணவு வராது" என்ற இரண்டாவது பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் நான் வியந்து நிற்கும் இடம் வருகிறது. 1979இல் மார்க் பௌட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற உளவியலாளர்கள் எலிகளை ஒரு கூண்டில் வைத்து, ஓர் ஒலியைக் கேட்டால் பயப்படப் பழக்கினார்கள். பிறகு வேறொரு கூண்டில் அதே ஒலியை எந்தத் தீங்கும் இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கவிட்டார்கள். பயம் போய்விட்டது. அப்புறம் பழைய கூண்டில் விட்டதும், அதே ஒலிக்குப் பயம் திரும்பி வந்தது. முதல் பாடத்தை மூளை எங்கும் சுமந்து செல்கிறது. இரண்டாவது பாடத்தை மட்டும் கற்ற இடத்தோடு முடிச்சுப்போட்டு வைக்கிறது. மதுவைத் தேடப் பழகிய எலிகளிடமும் பின்னால் இதையே கண்டார்கள்.

வேறொரு கூண்டு, பழைய கூண்டு என்பதைத் திருப்பூர், சொந்த ஊர் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். திருப்பூர்க் கடையைத் தாண்டித் தாண்டி, அந்தத் தெருவுக்கான பாடத்தைத் தம்பி படித்துவிட்டார். ஊர்த் திண்ணைக்கான பாடம் இன்னும் தொடங்கவே இல்லை. அதிலும் தீபாவளி வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. பழகிக்கொள்ள அவருக்கு இதுவரை ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். தினமும் குடித்தவர்கூட 41 நாள் தொடாமல் இருக்கிறார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மணிமாலை, எல்லோர் வாயிலும் "சாமி" என்ற அழைப்பு. அவர் இருக்கும் கூண்டே மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றிய அன்று பழைய கூண்டு திரும்பிவிடுகிறது. விரதத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. அந்த 41 நாளுக்குள் ஒரு மருத்துவரையும் பார்த்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் ஒவ்வொரு கார்த்திகையிலும் தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் பண்டிகையை முன்னிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மதுவின் அழுத்தத்துக்கு ஈடாக வேகம் கூட்டிவைத்திருந்த மூளை, அழுத்தம் விலகியதும் கட்டுமீறி ஓடும். வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். அதேபோல, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் பொடிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிரம் என்ற நல்ல மருந்தே, உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்தாகிவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்றே எழுதாத பொடியை எப்படி நம்புவது?

2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுப் பிரச்சினைக்காக உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் சுமார் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மது விற்று அரசு ஈட்டும் பணத்தில் ஒரு பங்காவது மாவட்ட மருத்துவமனைகளின் மீட்புப் பிரிவுகளுக்கும், நம் ஊர்த் திருவிழாக்களில் தூண்டுதல் எப்படி வேலை செய்கிறது என்ற ஆய்வுக்கும் போக வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

அக்காவுக்கு: தம்பி வரட்டும், ஆனால் காலையில் வந்து சாயங்காலத்துக்குள் கிளம்பட்டும். மாமா மகனிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். மாடிச் சாவி உங்களிடம் இருக்கட்டும். வேட்கை வந்தால் அது அலைபோல ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதுவரை அவரைத் தனியாக விடாமல் ஒரு நடை கூட்டிப் போங்கள். வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரை தேவையா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். அவசரத்துக்கு 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. இந்த வருடம் வேண்டாம் என்று அவர் உறுதியாகச் சொன்னால், பலகாரத்தைக் கட்டிக்கொண்டு நீங்கள் திருப்பூருக்குப் போய்விடுங்கள்.