வாடினால் தண்ணீர் என்று யார் சொன்னது?

மறுபடியும் அதே படம். தொங்கும் தொட்டியில் முத்துச்சரம் என்ற செடி துவண்டு கிடக்கிறது. கீழே அதே கேள்வி: "தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், இருந்தும் வாடுகிறதே?" இருந்தும் இல்லை. ஊற்றுவதால்தான்.

ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் என்கிற முத்துச்சரம், அதன் உறவான ஸ்ட்ரிங் ஆஃப் பனானாஸ், கழுதைவால் போல் தடித்துத் தொங்கும் பர்ரோஸ் டெயில் எல்லாமே இலையில் தண்ணீரைச் சேர்த்து வைப்பவை. மண் காய்ந்தால் சேமிப்பை எடுத்துச் செலவு செய்துகொள்ளும். மண் ஈரமாகவே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது; அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சுருங்கும். அதைப் பார்த்து நீங்கள் இன்னொரு குவளை ஊற்றுவீர்கள். கதை அதோடு முடிந்தது.

ஊற்றும் முன் ஒரு முத்தை, அதாவது உருண்டை இலையை, கூர்ந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கண்ணாடி போன்ற ஒரு கோடு தெரியும். வெளிச்சம் உள்ளே போவதற்கான ஜன்னல் அது. நீர் நிறைந்த முத்தில் அகலமாக இருக்கும், தாகம் எடுத்தால் ஒடுங்கிவிடும். தாகத்தில் வாடிய முத்து பச்சையாகத்தான் இருக்கும். தோல் சுருங்கி, அழுத்தினால் அமுங்கும். அழுகலில் வாடியது மஞ்சளித்து, தொட்டால் கூழாகும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தையும் பாருங்கள். அங்கே பழுப்பாகி நூல் போல் மெலிந்திருந்தால் இனி அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

மண்ணின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு "காய்ந்திருக்கிறது" என்று சொல்லாதீர்கள். ஒரு மரக்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, சில நிமிடம் கழித்து எடுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் காத்திருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே ஒழுகும் அளவுக்கு முழுதாக ஊற்றுங்கள். ஸ்பூன் கணக்கும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம், "வாரம் ஒருமுறை" என்ற அட்டவணையும் வேண்டாம். கோடையில் ஒரு கணக்கு, மழைக்காலத்தில் வேறு கணக்கு.

துளையில்லாத தொட்டியில் அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்பவர்களுக்கு: கல் நீரை வடிக்காது. நுண்ணிய மண்ணில் தேங்கும் நீர் கல்லுக்குள் இறங்காமல் அதன் மேலேயே நிற்கும். ஈரத்தை வேருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். துளை போடுங்கள். வேர் ஆழமாகப் போகாத செடி இது, 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழமே தாராளம். வேர்க்கட்டியைவிட 2, 3 சென்டிமீட்டர் மட்டும் அகலமான தொட்டி. பாதி சாதாரண மண்கலவை, பாதி பெர்லைட் அல்லது பியூமிஸ் (நீரை வடியவிடும் லேசான கல்துகள்கள்). மண்மட்டம் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும். குழிக்குள் இறங்கிய செடிக்குக் காற்றும் வராது, வெளிச்சமும் வராது.

வெளிச்சம் என்றதும் நினைவு வருகிறது, உச்சி வழுக்கை. கொடி நீளமாக இருக்கும், தொட்டியின் மேலே ஒன்றுமே இருக்காது. முத்துச்சரம் தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும் செடி. தொங்கவிடுவது நம் ஆசை. கூரையை ஒட்டி மாட்டினால் ஜன்னல் வெளிச்சம் கொடியின் மேல் விழும், உச்சிக்குப் போகாது. ஜன்னலின் மேல்சட்டத்துக்குக் கீழே, கண்ணாடிக்கு அரை மீட்டருக்குள் இறக்கி மாட்டுங்கள். உச்சிவெயில் மட்டும் நேரே அடிக்க வேண்டாம்.

அழுகல் ஆரம்பித்துவிட்டதா? நல்ல நுனிகளை 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டுவாய் பழுப்பாக இருந்தால் இன்னும் நுனிப்பக்கம் தள்ளி வெட்டுங்கள். அடியில் இரண்டு, மூன்று கணுக்களின் இலையை நீக்கி, ஒருநாள் நிழலில் காயவைத்து, லேசாக ஈரப்படுத்திய புதுக்கலவையின் மேல் வளைத்துக் கிடத்துங்கள். கணு மண்ணைத் தொட வேண்டும், ஹேர்பின் குத்தி நிறுத்தலாம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வேர் பிடிக்கும். அதுவரை தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

கணுவில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, வாரம் ஒருமுறை வீதம் மூன்று, நான்கு வாரம் செய்யுங்கள். ஒரே தடவையில் ஒழிந்ததில்லை.

ஒரு வேண்டுகோள். முத்துச்சரம் நச்சுச்செடி. தின்றால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி வரும், சாறு தோலில் பட்டால் எரிச்சல் தரும். தவழும் குழந்தைக்கு அது பச்சைப் பட்டாணியாகத்தான் தெரியும். கொடியைக் கைக்கெட்டாத உயரத்தில் மாட்ட வழியில்லாத வீட்டில் பர்ரோஸ் டெயில் வளருங்கள், அதற்கு அந்த நச்சு இல்லை. கை பட்டாலே இலை உதிரும், அதுதான் அதன் தொல்லை. உதிர்ந்ததைக் கூட்டித் தள்ளாமல் மண்மேல் போட்டு வையுங்கள், வேர் விட்டுவிடும்.