கூம்புக்குள் புகுந்த ஜாஸ்: ஜெனட் பத்து அங்குலத் தட்டுகளின் இயற்பியல்

பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவரின் கையில் ஜெனட் என்ற பெயர் தாங்கிய பத்து அங்குலத் தட்டு ஒன்று கிடைத்தால், லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன்பே அவர் அதன் நடுத்துளையில் ஒரு விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் செய்வதும் இதைத்தான். பழுதில்லாத தட்டு கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி அதிர்வை அங்கேயே அடக்கிவிடுவதால், ‘டொக்’ என்ற மொண்ணைச் சத்தம்தான் வரும். தட்டைப் பாட வைப்பதற்கு முன்பே அதன் பொருளைப் பேச வைக்கும் இந்தப் பழக்கம், இத்தகைய தட்டுகளைச் சேகரிப்பதில் இயற்பியல் எந்த அளவுக்கு ஊடுருவியிருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஜெனட் என்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற சிறுநகரில் இயங்கிய ஸ்டார் பியானோ கம்பெனியின் இசைத்தட்டுப் பிரிவு. உரிமையாளர் குடும்பத்தின் பெயரையே 1917-இல் தட்டுகளுக்குச் சூட்டினார்கள். விக்டர், கொலம்பியா போன்ற பெருநிறுவனங்களின் பக்கத்தில் வைத்தால் இது சிறிய கடை. ஆனால் ஜாஸ் கலைஞர்களான நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் குழுவும், கிங் ஆலிவரும், ஜெல்லி ரோல் மார்ட்டனும், பிக்ஸ் பைடர்பெக் வாசித்த வுல்வரின்ஸ் குழுவும் 1922 முதல் 1924 வரையான மூன்று ஆண்டுகளுக்குள் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவி) முதன்முதலாகத் தட்டில் ஏறியதும் இங்கேதான்: 1923 ஏப்ரல் 5, 6 ஆகிய இரு நாள்களில் அவர் வாசித்த கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் ஒன்பது உருப்படிகளைப் பதிவு செய்தது. (காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் தட்டு அழுத்தித் தந்த இதே ஆலை, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினரின் தட்டுகளையும் அழுத்தித் தந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.)

இவ்வளவு சிறிய நிறுவனத்துக்கு இந்த வாய்ப்பு கிடைத்ததற்கு ஓர் ஊசி அசையும் திசையும் ஒரு காரணம். ஒலியைத் தட்டில் எழுத அன்று இரண்டு முறைகள் இருந்தன. முதல் முறையில் ஊசி மேலும் கீழுமாக அசைந்து பள்ளத்தின் ஆழத்தை மாற்றிக்கொண்டே போகும். எடிசனின் தட்டுகள் அப்படிப்பட்டவை. இரண்டாவதில் ஆழம் ஏறக்குறைய மாறாமல் இருக்க, ஊசி இடமும் வலமுமாக அசைந்து, பாம்பு ஊர்ந்த தடம் போன்ற வரியை வரையும். பெரும்பாலான வீடுகளில் இருந்த கிராமபோன்கள் இரண்டாவது வகைத் தட்டுக்கே ஏற்றவை. அந்த முறையின் காப்புரிமையோ விக்டர் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஸ்டார் கம்பெனி 1919-இல் துணிந்து பக்கவாட்டு முறைக்கு மாறியது. விக்டர் வழக்குத் தொடுத்துத் தோற்றது. வேலி விழுந்ததும் சிறு நிறுவனங்கள் எல்லாம் உள்ளே வந்தன. பெருநிறுவனங்கள் ஏறெடுத்தும் பார்க்காத கறுப்பினக் கலைஞர்களின் ஜாஸ் இசையையும் புளூஸ் பாடல்களையும் பதிவு செய்வதில் அவற்றுக்கு வணிக ஆதாயம் இருந்தது.

இனி, 1923-இல் ஒரு பதிவு எப்படி நடந்தது என்று பார்க்கலாம். ஒலிவாங்கி கிடையாது, மின்பெருக்கி கிடையாது. அறையின் ஒரு சுவரிலிருந்து உலோகக் கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அகன்ற வாய் இசைக்குழுவைப் பார்த்திருக்கும்; குறுகிய முனையில் மெல்லிய அதிர்தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். காற்றில் வரும் அழுத்த மாற்றங்களைக் கூம்பு குவித்துத் தகட்டின் மேல் செலுத்த, தகடு அதிர, அதனோடு இணைந்த சிறு நெம்புகோல் வெட்டூசியை அசைக்க, சுழலும் மெழுகுத் தட்டில் வரி விழும். தட்டைச் சுழற்றியது மேலிருந்து மெல்ல இறங்கும் ஓர் எடைக்கல். புவியீர்ப்பு விசை நேரத்துக்கு நேரம் மாறாது என்பதால், அன்றைய மின்மோட்டாரைவிட அந்தக் கல்லே நம்பகமானதாக இருந்தது. மெழுகை வெட்டுவதற்கான ஆற்றல் முழுவதும் கலைஞர்களின் மூச்சிலிருந்தும் கைகளிலிருந்தும் மட்டுமே வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தத் தட்டுகளில் ஏதாவது கேட்பதே வியப்புக்குரியது.

ஆற்றல் இவ்வளவு அரிதாக இருந்ததால் யார் எங்கே நிற்பது என்பதே ஒலிக்கலவையை முடிவு செய்தது. எதிரொலி இல்லாத இடத்தில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும்; மூன்றடியிலிருந்து பதினைந்து அடிக்குப் போனால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சாதாரண அறையில் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். ரிச்மண்ட் பதிவறையிலோ திரைகளும் கம்பளங்களும் தொங்கி எதிரொலியை விழுங்கிக்கொண்டதால், கணக்கு ஓரளவு பலித்தது. ஆலிவரும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் இருவருமே கார்னெட் வாசித்தவர்கள். இளையவரின் ஓசை மூத்தவரை மூழ்கடித்ததால் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பல அடி பின்னால் தள்ளி நிறுத்தினார்கள் என்று, அந்தக் குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்று ஒலிப்பதிவாளர் ஒரு விசையை இறக்கிச் செய்யும் வேலையை அன்று ஒரு மனிதனை நடக்க வைத்துச் செய்தார்கள். ஆலையை ஒட்டி ரயில் பாதை போனதால், ரயில் வந்தால் பதிவை நிறுத்திக் காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

கூம்புக்கு எல்லாச் சுரமும் ஒன்றல்ல. ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 2500 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ள ஒலிகள் அதன் வழியாக மிகவும் மெலிந்தே போகும்; இடைப்பட்ட பகுதியிலும் கூம்பின் நீளத்துக்கும் வடிவத்துக்கும் ஒத்திசையும் சில சுரங்கள் மட்டும் அளவுக்கு மீறித் துள்ளி எழும். பேஸ் டிரம்மின் ஆழ்ந்த அடி தட்டில் சரியாகப் பதியாது. அதோடு அதன் உந்துதல் வெட்டூசியைப் பக்கத்து வரிக்குள் தள்ளிவிடும் ஆபத்தும் இருந்தது. ஆகவே ஆலிவர் குழுவின் டிரம் கலைஞர் பேபி டாட்ஸ் தம் வழக்கமான கருவிகளை விட்டுவிட்டு மரக்கட்டைகளைத் தட்ட வேண்டியிருந்தது. இயல்பில் பேஸ் வயலின் வாசிப்பவரான பில் ஜான்சன் இந்தப் பதிவுகளில் பேஞ்ஜோ என்ற தந்திக்கருவியை ஏந்தியிருக்கிறார். சிகாகோவின் நடன அரங்கில் மக்கள் கேட்டு ஆடிய குழு இப்படித்தான் ஒலித்தது என்று இத்தட்டுகளை வைத்து முடிவுகட்டுவது தவறு. நாம் கேட்பது, கூம்புக்குப் பொருந்துமாறு தன்னைச் சுருக்கிக்கொண்ட ஒரு குழுவை.

இருந்தாலும் காது ஓர் உதவி செய்கிறது. லில் ஹார்டினின் இடக்கை 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடிப்படை அதிர்வு கூம்பில் தொலைந்துபோகும்; அதன் மடங்குகளான 220, 330, 440 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் தப்பித்துத் தட்டில் ஏறும். அவற்றுக்கிடையே உள்ள சமமான இடைவெளியைக் கொண்டு மூளை 110 ஹெர்ட்ஸ் சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. சிறு கைபேசியின் ஒலிபெருக்கியில் ஆழ்ந்த ஆண்குரலை நாம் அடையாளம் கண்டுகொள்வதும் இதே வழியில்தான்.

வெட்டி முடித்த மெழுகின் மேல் மின்சாரம் பாய்வதற்காக நுண்ணிய காரீயகத் தூளைப் பூசி, மின்முலாம் தொட்டியில் இட்டுச் செம்பு படியச் செய்வார்கள். பிரித்தெடுத்த செம்புத் தகட்டில் பள்ளங்கள் மேடுகளாக இருக்கும். அதிலிருந்து படிப்படியாக அழுத்துதகடு உருவாகும். அழுத்தப்படும் மாவோ பெரும்பகுதி கல் தூள். அதைப் பிணைப்பது அரக்கு, அதாவது அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். அன்று உலகுக்கு அதைப் பெருமளவில் அனுப்பியது இந்தியா. கறுப்பு நிறம் கரித்தூளால் வந்தது. கல் தூளைச் சேர்த்ததற்குச் செலவைக் குறைப்பது மட்டும் காரணமல்ல: எஃகு ஊசி முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும் என்றும் எதிர்பார்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அன்றைய விதி. ஊசியை மாற்றச் சோம்பல்பட்ட வீடுகளில், கூர்மையாகத் தேய்ந்த எஃகு அடுத்த தட்டை உளியாக உழுதது.

அந்தச் சேதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டை மேசை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால், நல்ல பகுதி பளபளக்கும். தேய்ந்த பகுதி சாம்பல் பூத்திருக்கும். அந்தச் சாம்பல் ஒரே சீராக இருப்பதில்லை. கார்னெட் உச்சத்தில் முழங்கும் இடங்களில் பள்ளம் அகலமாக வளைவதால் ஊசி அங்கேதான் அதிகம் மோதியிருக்கும். ஆகவே பாட்டின் மிகச் சிறந்த பகுதியே பெரும்பாலும் மிகவும் நைந்துபோயிருக்கும். உள்வட்டத்தை நெருங்க நெருங்க நிலைமை இன்னும் மோசம். நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகத்தில், மையத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில் ஊசியின் கீழ் நொடிக்கு ஏறத்தாழ 98 செ.மீ. பள்ளம் ஓடும், 5 செ.மீ. தொலைவில் 41 செ.மீ. மட்டுமே. அதே அதிர்வுகளைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் வளைவுகள் நெருக்கமாகி, ஊசியால் அவற்றைப் பின்பற்ற முடியாமல் போகிறது. சேகரிப்பாளர்களின் தரக்குறிப்புகளில் ‘மிக நன்று’ என்றால் ‘சுமார்’ என்று பொருள் கொள்ள வேண்டும் என்பது வாங்கி ஏமாந்த பிறகே புரியும்.

தேய்ந்த தட்டு செத்த தட்டு அல்ல. பழைய ஊசி பள்ளத்தின் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் அரித்திருக்கும். அதற்கு மேலேயோ கீழேயோ தொடப்படாத சுவர் மிச்சமிருக்கலாம். 78 சுற்றுத் தட்டுக்குரிய வழக்கமான ஊசி முனையின் ஆரம் சுமார் 0.075 மி.மீ. அதைவிடச் சற்றுப் பெரிய முனை மேற்சுவரில் அமரும். சிறியது கீழே இறங்கும். இரண்டு மூன்று ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்போது, இரைச்சலுக்குள் புதைந்திருந்த கிளாரினெட் திடீரென்று வெளியே வருவது உண்டு. பிற்கால வினைல் எல்.பி. தட்டுக்கான 0.025 மி.மீ. முனை மட்டும் ஆகவே ஆகாது; அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் கிளறிக்கொண்டிருக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிஜ் (ஊசியின் அசைவை மின்குறிகையாக மாற்றும் உறுப்பு) வைத்திருப்பவருக்கு இன்னொரு வசதி உண்டு. அது இரு சுவர்களையும் தனித்தனியாகப் படிப்பதால், இரண்டையும் கூட்டினால் மேலும் கீழுமான அசைவு, அதாவது இசைக்குத் தொடர்பில்லாத சத்தம், ரத்தாகிவிடும். ஒரு சுவர் மட்டும் சிதைந்திருந்தால் மற்றதை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

வேகமும் கணக்கிட்டுத் தேற வேண்டிய ஒன்றே. 78 என்று நாம் சொன்னாலும் அன்றைய பதிவுகள் அதற்குச் சற்று மேலும் கீழும் வெட்டப்பட்டவை. வேகம் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மாறினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும், 78-க்கும் 82.6-க்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். கார்னெட்டும் கிளாரினெட்டும் மேற்கத்திய இசையின் பி-பிளாட் சுரம் சார்ந்த கருவிகள் என்பதால் இக்குழுக்கள் பி-பிளாட், ஈ-பிளாட், எஃப் போன்ற சுருதிகளையே விரும்பின. தட்டு ஏ-க்கும் பி-பிளாட்டுக்கும் நடுவே எங்கோ ஒலித்தால், பிழை வாசித்தவரிடம் இல்லை, சுழற்றுகிறவரிடம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

துடைப்பதிலும் வேதியியல் குறுக்கிடுகிறது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரச்சாமான்களுக்குப் பூசும் மெருகெண்ணெய் செய்யப்படுவதே அப்படித்தான். வினைல் தட்டுகளுக்காக விற்கும் ஆல்கஹால் கலந்த துப்புரவு நீரை ஜெனட் தட்டில் ஊற்றினால் நூறாண்டுப் பள்ளம் சில நொடிகளில் குழம்பிப்போகும். வாலை வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் போதும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உடனே ஒற்றியெடுத்து உலர்த்தவும் வேண்டும்.

லேபிளை ஒட்டிய வெற்று வட்டத்தில் பொறித்திருக்கும் பதிவு எண்ணையும் அதன் பின்னால் வரும் எழுத்தையும் உருப்பெருக்கியால் பார்ப்பது கடைசி வேலை. ஒரே உருப்படியைப் பலமுறை வாசிக்கச் செய்து அவற்றில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள்; எத்தனையாவது வாசிப்பு அழுத்தப்பட்டது என்பதை அந்த எழுத்துதான் சொல்லும். கிங் ஆலிவர் 1923 அக்டோபரில் ரிச்மண்டுக்குத் திரும்பி வந்து பதிவு செய்த ‘ஜூலூஸ் பால்’, ‘ஒர்க்கிங்மேன் புளூஸ்’ ஆகிய இரண்டும் ஒரே தட்டின் இரு பக்கங்கள். அந்தத் தட்டுக்கு ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருப்பதாகச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இன்று அந்த இரண்டு உருப்படிகளையும் எந்த மறுபதிப்பில் கேட்டாலும், பின்னால் பொரிவது அந்த ஒரே தட்டின் பள்ளம்தான்.